ஐந்து தந்திகளும் ஒரு கருங்காலிப் பலகையும்

பேஸ் கிற்றார் பற்றித் தமிழில் நான் வாசித்தவை மிகக் குறைவு. திரையிசை பற்றி எழுதுபவர்கள் புல்லாங்குழலையும் வயலினையும் விரிவாகப் பேசுவார்கள். அடியில் நடந்துகொண்டிருக்கும் அந்தத் தடித்த ஒலிக்கு ஒரு வரி ஒதுக்கினாலே பெரிய விடயம். இவ்வருடம் தை மாதத்தில், என் கைக்கும் தோளுக்கும் அளவெடுத்துச் செய்த பேஸ் கிற்றார் ஒன்று ஹேர்னிங்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பழகிய மூன்று மாதங்களில் அறிந்துகொண்டவற்றை, வாத்தியம் வாசிக்காத வாசகருக்கும் விளங்கும்படி எழுத முயல்கிறேன்.

முதலில் ஒரு விடயத்தைச் சொல்லிவிட வேண்டும். எனக்குக் காது சரியில்லை. 1993இல் டென்மார்க் வந்து, முதலில் ஒரு நெசவாலையிலும் அது மூடப்பட்டபின் ஓர் இரும்புப் பட்டறையிலும் வேலை செய்தேன். ஹேர்னிங் பழைய நெசவு ஊர். விளைச்சல் குறைந்த புதர்நிலத்துக் குடியானவர்கள் ஆட்டுரோமத்தில் காலுறை பின்னி ஊர் ஊராக விற்ற காலத்திலிருந்து வந்த தொழில் அது. ஆலையில் காதுமூடி தந்தார்கள். பக்கத்துத் தறியில் நின்ற நம்மவரோடு தமிழில் கதைப்பதற்காக அதைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டவன் நான்தான். ஆகவே யாரையும் குறை சொல்வதற்கில்லை.

இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை எல்லா ஒலியையும் ஒரேயளவில் தின்பதில்லை. உட்காதின் நத்தைச்சுருளில் உள்ள நுண்ணிய மயிர்க்கலங்களில், உயர்ந்த சுருதிகளுக்கு உரியவையே முதலில் அழிகின்றன. வழமையாக 4000 ஹேர்ட்ஸ் அளவில் ஒரு பள்ளம் விழும். என் செவிப்புல வரைபடத்திலும் அந்தப் பள்ளம் அப்படியே இருக்கிறது. மனைவி பேசினால் உயிரெழுத்து கேட்கும், 'ச'வும் 'ஷ'வும் தவறிவிடும். வயலினின் மேல்ஸ்தாயி பழைய ஒலிநாடாபோல மங்கிவிட்டது. ஆனால் வரைபடத்தின் இடது பக்கம், அதாவது தாழ்ந்த சுருதிகள், இருபது வயதுப் பையனுக்குரியதைப்போல நேராகக் கிடக்கிறது. பேஸ் கிற்றாரின் வீடு அந்த இடது பக்கத்தில்தான் இருக்கிறது. "உங்களுக்கு உந்த வயதிலை உது தேவையோ?" என்று வீட்டில் கேட்டபோது இதைத்தான் பதிலாகச் சொன்னேன். பதில் ஏற்கப்பட்டதா என்பது வேறு கதை.

நான்கு தந்தி பேஸின் சுருதிகளை நம்முடைய கட்டைக் கணக்கில் சொல்வது சுலபம். தடித்த தந்தி மூன்று கட்டை, அடுத்தது ஆறு, பிறகு இரண்டு, மெல்லியது ஐந்து. ஒவ்வொன்றும் முந்தியதற்குச் சுத்த மத்திமம். கீழ்த்தந்தியை 'ச' என்று வைத்தால் மேல்தந்தி 'ம'. அதிர்வெண்ணில் முறையே 41.2, 55, 73.4, 98 ஹேர்ட்ஸ். என்னுடையதில் ஐந்தாவதாக இன்னுமொரு தடித்த தந்தி உண்டு. அது ஏழு கட்டை, 30.9 ஹேர்ட்ஸ். மனிதக் காது சுருதியாக உணரக்கூடிய எல்லையிலிருந்து அது அதிக தூரத்தில் இல்லை.

இந்த வாத்தியத்துக்கு வயது அதிகமில்லை. 1930களில் சியாட்டிலில் போல் டட்மார்க் என்பவர் மின்சார பேஸ் ஒன்றைச் செய்து விற்றார், அது எடுபடவில்லை. 1951இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபென்டர் செய்ததுதான் நிலைத்தது. அவர் அதற்கு வைத்த பெயர் 'பிரிசிஷன்', துல்லியம். அதுவரை பேஸ் என்றால் ஆளுயர டபுள் பேஸ்தான். அதில் வயலினைப்போல விரலை எங்கே வைப்பது என்பது காதின் பொறுப்பு. ஃபென்டர் வீணையின் மெட்டுகளைப்போல உலோக ஃபிரெட்டுகளைப் பதித்தார். துல்லியத்தைக் காதிடமிருந்து எடுத்துக் கம்பியிடம் கொடுத்தார் எனலாம். பின்னர் ஜாக்கோ பஸ்டோரியஸ் தன் பேஸின் ஃபிரெட்டுகளைப் பிடுங்கி, குழிகளை நிரப்பி, மேலே எபொக்சி பூசி, அந்தப் பொறுப்பைத் திரும்பக் காதிடமே கொடுத்துப் புகழ்பெற்றார். கமகம் பழகிய நமக்கு ஃபிரெட் இல்லாததுதான் நெருக்கம். எனினும் என் காதின் நிலை தெரிந்து நான் ஃபிரெட் வைத்ததையே கேட்டேன்.

ஃபென்டர் நிர்ணயித்த நீளமே இன்றும் பெரும்பாலும் வழக்கில் உள்ளது. நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 34 அங்குலம், 864 மில்லிமீற்றர். ஃபிரெட் வைக்கும் கணக்கு எளிது. எஞ்சியுள்ள நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த ஃபிரெட்டின் தூரம் வரும். முதலாவது 48.5 மில்லிமீற்றரில் விழும். சாதாரண மின்கிற்றாரில் அது 36 சொச்சம்தான். இந்தப் பன்னிரண்டு மில்லிமீற்றர் வித்தியாசத்தை என் சுண்டுவிரல் முதல் வாரமே கண்டுகொண்டது.

செய்தது ஜெர்மனியில் ஒரு சிறு பட்டறை. விரற்பலகைக்கு எந்த மரம் என்று அவர்கள் அனுப்பிய பட்டியலில் மேப்பிள், இந்திய றோஸ்வூட், எபொனி என்று மூன்று இருந்தன. இந்திய றோஸ்வூட் என்பது வேறொன்றுமில்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வார்கள். உலகெங்கும் கிற்றார் வாசிப்பவர்களில் எத்தனையோ பேர் தினமும் நம் காட்டு மரத்தில் விரல் வைக்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. 2017 தொடக்கத்தில் சைட்டிஸ் உடன்படிக்கையின்படி அந்த மர இனம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, கிற்றாரோடு எல்லை கடப்பதே சிக்கலாக இருந்தது. 2019 நவம்பரில்தான் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்தது.

எபொனி என்பது கருங்காலி. அம்மாவின் வீட்டில் கருங்காலி உலக்கை ஒன்று இருந்தது. அதன் பளபளப்பும் பாரமும் உள்ளங்கைக்கு இன்னும் தெரியும். எனவே யோசிக்காமல் எபொனி என்று எழுதினேன், இலங்கை மரம் கிடைக்குமா என்று ஒரு வரியும் சேர்த்தேன். ஆபிரிக்காவில் வளரும் எபொனியைத்தான் தாங்கள் பாவிப்பதாகப் பணிவாகப் பதில் வந்தது. ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போன மரம், இப்போது நம் பக்கத்தில் கடும் பாதுகாப்புக்குரியது. கோடாரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டியதால்தான் துரோகிக்குக் கருங்காலி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். எங்கள் அரசியலில் அந்தச் சொல் பட்ட பாட்டை நினைத்தால், மரத்தின்மேல் இரக்கம்தான் வருகிறது.

பெட்டி வந்த இரண்டாம் வாரம் மகள் என் அறைக்கு வந்தாள். "அப்பா, அந்தத் தடிச்ச கம்பியிலை ஏதோ கிர்ர் எண்டுது. உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

கேட்கவில்லை. தந்தி ஃபிரெட்டில் உரசும் சரசரப்பின் பெரும்பகுதி என் பள்ளத்துக்குள் விழும் உயர்ந்த சுருதிகளில் இருக்கிறது. பேஸ் என்றால் முழுவதும் தாழ்ந்த ஒலி என்று நான் வீட்டில் வாதாடியது பாதிதான் உண்மை. அடிநாதம் தாழ்ந்தது. ஆனால் விரல் தந்தியைத் தொடும் அந்தக் கணத்தின் கூர்மை மேலே உள்ளது. அதை நான் இனிக் கேட்கப்போவதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அன்று மேற்கொண்டு வாசிக்கவில்லை.

அடுத்த நாள் காரணத்தைத் தேடினேன். நான்கு தந்திகள் சேர்ந்தே 70, 80 கிலோ பாரம் தொங்குவதுபோல நெக்கை முன்னோக்கி இழுக்கின்றன. ஐந்தாவது தந்தி இருந்தால் இன்னும் கூட. அதற்கு எதிராக உள்ளே ஒரு உருக்குக் கம்பி, டிரஸ் ராட், ஓடுகிறது. இறுக்கினால் நெக் நிமிரும், தளர்த்தினால் தந்தியின் இழுப்புக்குச் சற்று வளைந்து கொடுக்கும். தந்திக்கு அதிர இடம் வேண்டும் என்பதால் சிறு வளைவு தேவை. முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நடுவில் பார்த்தால் தந்திக்குக் கீழ் ஒரு அறிமுக அட்டையின் தடிப்பளவு இடைவெளி இருந்தால் போதும். என்னுடையதில் அந்த இடைவெளியே இல்லை. டெனிஸ் குளிர்காலத்தில் வெப்பமூட்டிய அறைக் காற்று வறண்டது. மரம் சுருங்கி நெக் பின்னோக்கி நிமிர்ந்துவிட்டது. ஃபிரெட்டின் உலோகம் சுருங்காது, ஆகையால் பலகையின் ஓரத்தில் அதன் முனைகள் மெல்லத் துருத்திக்கொண்டு நின்றன. காது சொல்லாததை உள்ளங்கை சொல்லியிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. ராட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி ஒரு நாள் விட்டேன். மகள் வந்து கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். ஒரே நாளில் அரைச் சுற்றுக்கு மேல் திருகக் கூடாது என்பதைப் புதிதாக வாங்குபவர்கள் மனதில் கொள்க.

அடுத்து ஒரு முறைப்பாடு நாலு கட்டையில் எழுந்தது. தடித்த பக்கத்தில் அந்த ஒரு சுரம் மட்டும் அறையே உடைவதுபோல் முழங்கும், பக்கத்துச் சுரங்கள் சாதாரணமாக இருக்கும். கீழ்வீட்டு டெனிஸ் மூதாட்டி மேலே வந்து, மிக மரியாதையாக, சலவை இயந்திரம் பழுதா என்று விசாரித்தார். இதற்கு வாத்தியம் பொறுப்பல்ல. 43 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் சுமார் எட்டு மீற்றர். என் அறையின் நீளம் நாலு மீற்றர், சரியாக அரை அலை. சுவருக்குச் சுவர் மோதித் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும். ஒலிபெருக்கியை மூலையிலிருந்து நகர்த்தினேன், பாதி குறைந்தது. மீதிக்கு இரவு எட்டு மணிக்குமேல் ஹெட்போன்.

இங்கே ஒரு பழைய புதிர் எனக்கு விளங்கியது. 1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லில் உரசவிட்டு, ஆள்மாறி ஆள் பெடலைக் கையால் சுற்றிப் பாட்டுக் கேட்டோம். சுற்றுபவன் களைத்தால் கசெற் இழுபடும், யேசுதாஸ் ஒரு கட்டை இறங்கிவிடுவார். அப்படிக் கேட்டவற்றில் ஒன்று 'மூடுபனி'யின் 'என் இனிய பொன் நிலாவே'. மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா இயக்கி 1980இல் வெளிவந்த படம், இளையராஜாவுக்கு நூறாவது. அந்தப் பாட்டின் அடியில் பேஸ் தனக்கென்று ஒரு பாதை போட்டு நடந்துபோவதை அன்றே கேட்டிருக்கிறேன். ஆனால் உள்ளங்கையளவு ஒலிபெருக்கி 41 ஹேர்ட்ஸைப் பிறப்பிக்கவே முடியாதே?

பிறப்பிக்கவில்லை. ஒரு தந்தி 41இல் அதிரும்போது அதன் மடங்குகளான 82, 124, 165, 206 என்பவையும் சேர்ந்தே ஒலிக்கின்றன. சிறு ஒலிபெருக்கி கீழே உள்ளவற்றை விழுங்கிவிட்டு மேலே உள்ளவற்றை மட்டும் தரும். அவற்றுக்கிடையே உள்ள சம இடைவெளி 41 என்பதை மூளை கண்டுகொண்டு, இல்லாத அடிநாதத்தைத் தானே போட்டுக்கொள்கிறது. அந்த நாட்களில் நாங்கள் கேட்ட பேஸில் ஒரு பங்கு இளையராஜா எழுதியது, ஒரு பங்கு அவருடைய குழுவில் பேஸ் வாசித்த சசிதரனின் விரல், மிச்சம் எங்கள் தலைக்குள் உண்டானது. பிற்காலத்தில் ரகுமானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்தவற்றை நல்ல கருவியில் கேட்டேன். 2010இல் திறந்த ஹேர்னிங் பொக்சன் அரங்கில் நெஞ்செலும்பு அதிரவும் கேட்டாயிற்று. என்றாலும் டைனமோவில் கேட்ட அந்தப் பேஸ்தான் இன்னும் அளவுகோல்.

தந்தி மாற்றிப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். வந்தபோது இருந்தது சுருள்கம்பி வெளியே தெரியும் வட்டச்சுற்றுத் தந்தி. அதன் சிறப்பே உயர்சுருதி மினுக்கம், எனக்கு அது வீண். டெட்ரோய்ட்டின் மோட்டவுன் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் பாவித்த வகையான தட்டைச்சுற்றுத் தந்திக்கு மாறினேன். உரசல் குறைவு, அடிநாதம் கூட. மகளுக்குப் பிடிக்கவில்லை, "மிருதங்கத்தின்ரை தொப்பிப் பக்கம் மாதிரிக் கிடக்கு" என்றாள். அவள் குறையாகச் சொன்னாள், நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

சுருதி சேர்ப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன், அல்லது பலர் முன்பே கண்டதை நானும் கண்டேன். கிற்றாரின் மேற்கொம்பில் தாடையை வைத்துக்கொண்டால் ஒலி எலும்பு வழியாக ஏறும். இரண்டு தந்திகள் ஒன்றோடொன்று சேராதபோது எழும் அலைவு பல்லில் தெரியும். சேர்ந்ததும் அடங்கிவிடும். அழிந்த மயிர்க்கலங்களை இது திருப்பித் தராது. ஆனால் தாழ்ந்த தந்திகளுக்கு இதைவிடத் தெளிவான வழி எனக்கில்லை.

கடைசியாக எஞ்சிய பிரச்சினை மெல்லிய தந்தியின் ஆறாவது ஃபிரெட். அங்கே தொட்டால் சுரம் பிறந்து உடனே சாகிறது. மற்ற இடங்களில் பல விநாடி நிற்பது இங்கே ஒன்றிரண்டு விநாடியில் அடங்கிவிடும். என் காதில் புதிதாக ஒரு பள்ளம் விழுந்துவிட்டதோ என்று இரண்டு இரவு நித்திரை இல்லை. பிறகு மகளின் தொலைபேசியில் பதிவுசெய்து அலைவடிவத்தைப் பார்த்தோம். அங்கேயும் அது செத்துத்தான் கிடந்தது. காது நிரபராதி. நெக்குக்கும் தனக்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. தந்தியின் அதிர்வு அதோடு பொருந்தினால் நெக் அந்தச் சக்தியை உறிஞ்சிவிடும். இவ்வகை பேஸ்களில் ஐந்திலிருந்து ஏழாவது ஃபிரெட்டுக்குள் இப்படி ஓர் இடம் இருப்பது சாதாரணம், விலை கூடியதும் விலக்கல்ல. தலைப்பகுதியில் தச்சுவேலைக் கிளாம்ப் ஒன்றைப் பூட்டிப் பாரம் ஏற்றினேன். நெக்கின் அதிர்வெண் இறங்கி, செத்த இடம் ஐந்தாவது ஃபிரெட்டுக்கு நகர்ந்தது, மறையவில்லை. கிளாம்பைக் கழற்றிவிட்டேன்.

அதே சுரம் அடுத்த தந்தியின் பதினோராவது ஃபிரெட்டிலும் இருக்கிறது, இப்போது கை தானாகவே அங்கே போகப் பழகிவிட்டது. அந்தச் சுரம் ஒன்றரைக் கட்டை. நான் பாடுகிற சுருதியும் அதுதான்.