தஞ்சாவூர்க் கலைத்தட்டு

தஞ்சாவூர்க் கலைத்தட்டு என்பது, பித்தளைத் தட்டின் மீது வெள்ளி, செப்புத் தகடுகளில் எழுப்பிய புடைப்புருவங்களைப் பொருத்திச் செய்யப்படும் அலங்காரத் தட்டு ஆகும். இது புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருட்களுள் ஒன்று. மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) காலத்தில் இக்கலை தோன்றியதாகக் கூறப்படுகிறது. திருமணம், பணி ஓய்வு போன்ற நிகழ்வுகளில் நினைவுப் பரிசாக வழங்கப்பட்டதால், பல குடும்பங்களில் இத்தட்டுகள் தலைமுறைகளாக இருந்து வருகின்றன. அவற்றுட் பலவற்றில் செய்தவர் பெயரோ ஆண்டோ இராது.

செய்முறை

மெல்லிய வெள்ளித் தகட்டை அச்சின் மீது வைத்துத் தட்டித் தெய்வ உருவம், மயில், பூக்கொடி முதலியவற்றை எழுப்புவர். உருவத்தின் பின்புறக் குழிவில் மெழுகுக் கலவை நிரப்பப்படும். பின்னர் அடித்தட்டில் வெட்டிய பள்ளத்தில் தகட்டின் விளிம்பைச் செருகி, உளியால் தட்டி இறுக்குவர்.

அடையாளம் காணல்

தட்டைத் திருப்பிப் பார்ப்பதே முதற் சோதனை. ஒரே தகட்டை அழுத்திச் செய்த தட்டின் பின்புறத்தில் முன்புற உருவம் குழிவாகத் தெரியும். தஞ்சாவூர்த் தட்டில் உருவம் தனித் தகடாதலால் பின்புறம் பொதுவாகச் சமமாக இருக்கும். முன்புறத்தில் உருவத்தைச் சுற்றி உளித்தடங்களைக் காணலாம்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெள்ளிப் பொருட்களுக்கு முத்திரையிடும் திட்டத்தை 2005 ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. எனவே பழைய தட்டில் அம்முத்திரை இல்லாமை, அது போலி என்பதற்குச் சான்றாகாது. பின்புறத்தில் புள்ளிபுள்ளியாக வெட்டப்பட்ட பெயர் பெரும்பாலும் உரிமையாளருடையது அல்லது அன்பளித்தவருடையது. அதனைக் கைவினைஞர் பெயராகக் கொள்ளுதல் தவறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமாசுக்கசு, கெய்ரோ நகரங்களில் செய்யப்பட்ட தட்டுகளிலும் இம்மூன்று உலோகங்கள் உண்டு. ஆயினும் அவற்றில் வெள்ளி சமதளமாகப் பதிக்கப்பட்டிருக்கும்; அரபு எழுத்துகளும் வடிவியல் கோலங்களும் மிகுதி. பீதரின் பித்ரி வேலைப்பாட்டில் அடித்தளம் கருநிறத் துத்தநாகக் கலவை ஆகும். சென்னையில் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் செய்யப்பட்ட, தெய்வ உருவங்கள் கொண்ட 'சுவாமி' வெள்ளிப் பொருட்களோடும் இது குழப்பிக்கொள்ளப்படுவதுண்டு. அவற்றில் பித்தளை அடித்தட்டு இல்லை.

வெள்ளியை அறிதல்

விலை குறைந்த தட்டுகளில் வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகடு பயன்படுவதுண்டு. இதனை அறியக் காந்தம் உதவாது; வெள்ளி, செம்பு, பித்தளை மூன்றுமே அதனால் ஈர்க்கப்படுவதில்லை. உள்ளே மெழுகு இருப்பதால் அடர்த்திச் சோதனையும் பயன் தராது. அமிலச் சோதனை மெல்லிய தகட்டைக் கெடுத்துவிடும். எக்சு-கதிர் ஒளிர்வு முறை தட்டைச் சேதப்படுத்தாது. ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே காண்பதால் தடித்த முலாமையும் வெள்ளி எனக் காட்டக்கூடும். மூக்கு, முழங்கால் போன்ற தேய்ந்த மேடுகளில் செந்நிறம் வெளிப்பட்டிருந்தால் அது முலாமே.

தகடு மெல்லியதாதலால் எடைக்கு விற்கும்போது கிடைக்கும் வெள்ளி சொற்பம். உருக்கப்பட்ட தட்டிலிருந்து வேலைப்பாட்டை மீட்கவும் இயலாது.

பேணல்

வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் ஆகும். பித்தளைப் பாத்திரத்திற்குச் செய்வது போலப் புளியிட்டு அழுந்தத் தேய்த்தால் புடைப்புகள் தேயும், பள்ளங்களில் ஈரமும் அமிலமும் தங்கும். வெந்நீரில் இட்டால் உள்ளிருக்கும் மெழுகு இளகி உருவம் எளிதில் நசுங்கும். உலர்ந்த மென்துணியால் துடைப்பதே போதுமானது.