சிறு சபைகளின் மீது ஏற்றப்படும் பெருந்தீர்ப்பு

இலங்கையில் ஜனாதிபதிக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஐந்தாண்டுப் பதவிக்காலம் வரையறுக்கப்பட்டிருப்பதால், ஆட்சியிலிருக்கும் கட்சியைப் பற்றிய தமது எண்ணத்தை மக்கள் இடையில் வாக்குச்சீட்டின் மூலம் தெரிவிப்பதற்கு உள்ளூராட்சித் தேர்தலையும் மாகாண சபைத் தேர்தலையும் விட்டால் வேறு வழியில்லை. ஐக்கிய அமெரிக்காவில் ஜனாதிபதியின் நான்காண்டுக் காலத்தின் நடுவே காங்கிரஸுக்கு நடைபெறும் இடைக்காலத் தேர்தல் செய்கின்ற வேலையை இங்கே நகர சபைகளும் பிரதேச சபைகளும் செய்ய வேண்டியிருக்கிறது. வடிகால், தெருவிளக்கு, சந்தை, மயானம், நூலகம், குப்பை அகற்றல் ஆகியவற்றைக் கவனிப்பதற்கென அமைந்த ஒரு சபையின் மீது நாட்டின் ஆட்சியையே எடைபோடும் பொறுப்பு ஏற்றப்படும்போது எது வெளிச்சத்துக்கு வருகிறது, எது மறைந்துபோகிறது என்பதை மன்னார்த் தீவிலும் அதையடுத்த கரையோரத்திலும் 2025 ஆம் ஆண்டில் நடந்தவற்றைக் கொண்டு தெளிவாகக் காணலாம்.

இத்தகைய தேர்தல்களை அரசறிவியலாளர் இரண்டாம் நிலைத் தேர்தல் என்பர். ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு 1979 இல் நடந்த முதல் நேரடித் தேர்தலை ஆராய்ந்த ரைஃப், ஷ்மிட் என்னும் இரு அறிஞர்கள் 1980 இல் முன்வைத்த இக்கருத்தின்படி, ஆட்சியை மாற்றும் வலுவற்ற தேர்தல்களில் வாக்களிப்போர் தொகை குறையும், ஆளுங்கட்சி சரியும், சிறிய கட்சிகளும் எதிர்க்கட்சிகளும் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெறும். இலங்கையில் இதற்குக் கண்கூடான சான்று 2018 பெப்ரவரி 10 ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலாகும். மைத்திரிபால சிறிசேன, ரணில் விக்கிரமசிங்க கூட்டு ஆட்சியின் மீதிருந்த அதிருப்தியை மகிந்த ராஜபக்சவின் பின்னால் திரண்ட பொதுஜன பெரமுன அத்தேர்தலில் அறுவடை செய்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் வெடித்த அரசியலமைப்பு நெருக்கடிக்கு அந்தத் தோல்வி ஒரு முன்னறிகுறியாக அமைந்தது. அடுத்த தேர்தல் 2023 மார்ச் 9 இல் நடக்கவிருந்தபோது, நிதி இல்லை என்ற காரணத்தால் அது நின்றுபோயிற்று. வாக்காளரின் அடிப்படை உரிமை அதனால் மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. எதிர்க்கட்சிகளின் கண்டனத்துக்குப் பதில் சொல்வதைவிடத் தேர்தலையே தள்ளிப்போடுவது ஓர் ஆட்சிக்கு எளிதாக இருந்தது என்பதே அந்த இரண்டாண்டுக் காலம் காட்டுகின்ற கசப்பான உண்மை.

மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று நிர்வாக மாவட்டங்களும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டமாகின்றன. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அங்கே சஜித் பிரேமதாச முதலிடம் பெற, நாட்டின் ஜனாதிபதியாகத் தெரிவான அநுர குமார திசாநாயக்க மிகவும் பின்தங்கியிருந்தார். ஆனால் எட்டு வாரங்களுக்குள், நவம்பர் 14 இல் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், அவருடைய தேசிய மக்கள் சக்தி அதே வன்னியில் முதலிடத்துக்கு வந்து ஆறு ஆசனங்களில் இரண்டைக் கைப்பற்றியது. எஞ்சிய நான்கும் ஐக்கிய மக்கள் சக்தி, இலங்கைத் தமிழரசுக் கட்சி, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி, இலங்கை தொழிலாளர் கட்சி ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பிரிந்தன. தமிழரும் முஸ்லிம்களும், கத்தோலிக்கரும் சைவரும் நெருங்கி வாழ்கின்ற ஒரு கரையில் தெற்கின் கட்சியொன்று முதலிடம் பெற்றது, நீண்டகாலமாக அங்கு வாக்குக் கேட்டுவந்த கட்சிகள் எல்லாவற்றுக்கும் ஓர் எச்சரிக்கையாகவே இருந்தது.

ஆகவே 2025 மே 6 ஆம் திகதிக்கு உள்ளூராட்சித் தேர்தல் குறிக்கப்பட்டபோது, மன்னார் நகர சபைக்கும் மன்னார், நானாட்டான், முசலி, மாந்தை மேற்கு ஆகிய பிரதேச சபைகளுக்குமான போட்டி வட்டார அளவில் நின்றுவிடவில்லை. தமிழ்க் கட்சிகள் ஆளுங்கட்சியின் பழைய வரலாற்றைத் தோண்டியெடுத்தன. இணைந்திருந்த வடக்கு கிழக்கு மாகாணம் 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் பிரிக்கப்பட்டதற்கு, தேசிய மக்கள் சக்தியின் தாய்க் கட்சியான மக்கள் விடுதலை முன்னணி தொடுத்த வழக்கே காரணம் என்று நினைவூட்டப்பட்டது. நீக்கப்படும் என்று சொல்லப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்படியே இருப்பதும், வடக்கு மாகாண சபைக்குத் தேர்தல் வைக்கப்படாததும் மேடைதோறும் பேசப்பட்டன. ஆளுங்கட்சியோ, தமிழ்க் கட்சிகள் இனப்பிரச்சினையைச் சொல்லியே காலம் கழித்தன, ஊருக்கு ஒன்றும் செய்யவில்லை என்று திருப்பிச் சாடியது.

இந்தப் பரப்புரையின் நடுவே, ஏப்ரலில், ஜனாதிபதி மன்னாரில் ஆற்றிய உரை நாடு முழுவதும் சர்ச்சைக்கு உள்ளாயிற்று. தமது கட்சியின் கையிலுள்ள சபை அனுப்பும் முன்மொழிவுக்கு உடனே நிதி ஒதுக்கலாம் என்றும், பிறர் கையிலுள்ள சபையின் முன்மொழிவைப் பலமுறை ஆராய வேண்டியிருக்கும் என்றும் பொருள்பட அவர் பேசினார். ஊழல் அற்றவர்களின் கையில்தான் மக்களின் பணத்தை நம்பி ஒப்படைக்கலாம் என்பதே அதன் கருத்து என்று அவருடைய கட்சியினர் விளக்கினர். அவ்விளக்கத்தை ஏற்பது கடினம். அரசாங்கத்தின் நிதி வரி செலுத்தும் எல்லா மக்களுக்கும் உரியது; ஒரு சபையின் கணக்கில் ஊழல் இருந்தால் அதைக் கண்டறியக் கணக்காய்வாளர் நாயகத்தின் திணைக்களம் இருக்கிறது; வாக்காளர் யாரைத் தெரிவு செய்தார்கள் என்பது நிதி ஒதுக்குவதற்கான அளவுகோலாக முடியாது. எதிர்க்கட்சிகள் தேர்தல்கள் ஆணைக்குழுவின் கவனத்துக்கு இதைக் கொண்டுசென்றது முற்றிலும் நியாயமானது. போரில் நொறுங்கிப்போன, பிறகும் நிதிக்காகக் கொழும்பையே எதிர்பார்த்து நிற்கின்ற ஒரு மாவட்டத்தில் அவ்வாறு பேசப்பட்டதுதான் அதை மேலும் கனமாக்கியது.

கட்சி அரசியலுக்காகச் செய்யப்படும் கண்டனம் பயன் தரவே தராது என்று எண்ணுவதும் பிழையாகும். 2025 மார்ச் 28 திகதியிட்ட வர்த்தமானி அறிவித்தல், மன்னார் உள்ளிட்ட வட மாகாணத்தின் நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் தமது உரிமையை நிறுவ வேண்டும், இல்லையேல் அது அரச காணியாகும் என்ற நிலையை ஏற்படுத்தியது. இடப்பெயர்விலும் கடற்கோளிலும் உறுதிகளை இழந்தவர்களும், புலம்பெயர்ந்து தொலைவில் வாழ்பவர்களும் மூன்று மாதத்தில் எதை நிறுவுவார்கள் என்ற கேள்வியைத் தமிழரசுக் கட்சி தேர்தல் மேடையிலும் நீதிமன்றத்திலும் எழுப்பியது. அந்த அறிவித்தலை மீளப்பெறுவதாக அரசாங்கம் மே மாத இறுதியில் அறிவித்தது. உயர் நீதிமன்றமும் ஜூனில் இடைக்காலத் தடை விதித்தது. தேர்தல் நெருக்கத்தில் இல்லாதிருந்தால் ஒரு வர்த்தமானி இவ்வளவு விரைவாகப் பொதுப் பேச்சாகியிருக்குமா என்பது ஐயமே.

தேர்தல் முடிவு இரண்டாம் நிலைத் தேர்தலின் இலக்கணத்துக்கு ஒத்திருந்தது. நவம்பரில் நாடு முழுவதும் 68 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளையும் 61.56 சதவீதத்தையும் பெற்ற தேசிய மக்கள் சக்தி, மே மாதத்தில் ஏறத்தாழ 45 இலட்சம் வாக்குகளுக்கும் 43 சதவீதத்துக்கும் இறங்கியது. ஆயினும் பெரும்பாலான சபைகளில் முதலிடம் அதற்கே கிடைத்தது. 60 சதவீத உறுப்பினர்களை வட்டாரங்களிலிருந்தும் 40 சதவீதத்தினரை விகிதாசாரப்படியும் தெரிவு செய்கின்ற கலப்பு முறையினால், தனிப் பெரும்பான்மை இல்லாத சபைகள் நாடெங்கும் உருவாயின. நேற்றுவரை ஒருவரையொருவர் வசைபாடிய கட்சிகள் தவிசாளர் பதவிக்காகப் பேரம் பேசின.

ஆனால் மன்னாரின் மிக ஆழமான குறை அந்தத் தேர்தலில் பேசப்பட்ட அளவு, பின்னர் அது வெடித்த அளவோடு ஒப்பிட மிகச் சிறிது. தீவின் தெற்குக் கரையில் 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாற் திறனுடைய தம்பபவனி மின்நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதன் பின் மழைநீர் வழிந்தோடும் பாதைகள் அடைபட்டு வெள்ளம் தேங்குகிறது, கரையோர மீன்பிடி பாதிக்கப்படுகிறது என்று ஊரவர் முறையிட்டுவந்தனர். வங்காலைச் சரணாலயத்துக்கு ஆண்டுதோறும் வலசை வரும் பறவைகளுக்கு ஆபத்து என்று சூழலியலாளர் எச்சரித்தனர். இல்மனைட் எனப்படும் கனிய மணலை அகழும் திட்டமும் இதனோடு சேர்ந்துகொண்டது. கடல் மட்டத்துக்குச் சற்றே மேலிருக்கும் ஒரு மணல் தீவில் மணலை அள்ளினால் தீவு என்னாகும் என்ற அச்சம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

எதிர்க்கட்சியாக இருந்தபோது தேசிய மக்கள் சக்தி, மன்னாரிலும் பூநகரியிலும் அமையவிருந்த அதானி குழுமத்தின் 484 மெகாவாற் திட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. அத்தாக்குதலின் மையம் விலையும் கேள்விப்பத்திரம் இல்லாத நடைமுறையுமே: ஓர் அலகு மின்சாரத்துக்கு 8.26 அமெரிக்க சதம் கொடுப்பது நாட்டுக்கு நட்டம் என்று அது வாதிட்டது. ஆட்சிக்கு வந்தபின் அவ்விலையை மீளாய்வு செய்தது. 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் விலகிக்கொண்டது. பிறகு போட்டிக் கேள்விப்பத்திரத்தின் வழியே 4.65 சதத்துக்கு உள்நாட்டு நிறுவனமொன்றின் 50 மெகாவாற் திட்டம் மன்னாருக்கே வந்தது. கொழும்பின் கண்ணில் விமர்சனம் வென்றுவிட்டது. மன்னார் மக்களின் முறைப்பாடோ விலையைப் பற்றியதாக ஒருபோதும் இருந்ததில்லை; அது நிலத்தையும் நீரையும் பற்றியது. நாடு தழுவிய கட்சியொன்று ஒரு கரையின் குறையைக் கையிலெடுக்கும்போது, தன் தேர்தலுக்குப் பயன்படும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை அங்கேயே விட்டுச்செல்லும் என்பது இங்கே மெய்ப்பட்டது.

அந்த எஞ்சிய பகுதி 2025 ஆகஸ்டில் தெருவுக்கு வந்தது. காற்றாலை உதிரிப்பாகங்களை ஏற்றிவந்த வாகனங்களை மக்கள் மறித்தனர். பிரஜைகள் குழுவும் குருமாரும் முன்னின்றனர். ஜனாதிபதியுடனான பேச்சுக்குப் பின் பணி ஒரு மாதம் நிறுத்தப்பட்டது. செப்டெம்பர் 26 இரவு, பாகங்களைப் பொலிஸ் பாதுகாப்போடு தீவுக்குள் கொண்டுவந்தபோது பெண்களும் குருமாரும் உள்ளிட்ட போராட்டக்காரர் மீது பொலிசார் பலப்பிரயோகம் செய்தனர். அதைக் கண்டித்து 29 ஆம் திகதி மாவட்டம் கடையடைப்பு நடத்தியது. அப்போது கட்சிகள் பலவும் ஆதரவு தெரிவித்தன. ஆயினும் முந்தைய ஆட்சிகளில் பங்காளிகளாக இருந்தவர்கள், முதற் காற்றாலைகள் எழுந்தபோது தாம் என்ன செய்தார்கள் என்பதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். இத்திட்டங்களுக்கான முடிவுகள் கொழும்பில் எடுக்கப்படுகின்றன. தேங்கிய வெள்ளத்துக்கு வடிகால் வெட்டும் வேலை மட்டும் நிதியற்ற பிரதேச சபையின் தலையில் விழுகிறது.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டியது மாகாண சபை. 2013 செப்டெம்பரில் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்தது. எல்லை மீள்நிர்ணய அறிக்கையை நாடாளுமன்றம் 2018 ஆகஸ்டில் நிராகரித்ததிலிருந்து சட்டச் சிக்கலைக் காரணங்காட்டி மூன்று ஆட்சிகள் அத்தேர்தலை வைக்காமல் கடந்துவிட்டன. இன்றைய ஆளுங்கட்சியிடம் அச்சிக்கலை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றப் போதுமான மூன்றிலிரண்டு பெரும்பான்மைக்கும் மேலாக, 225 இல் 159 ஆசனங்கள் இருக்கின்றன.