பரீட்சைக்கு முன்னே தேடும் சாக்கு

நாளை பரீட்சை, இன்றிரவு பையன் புத்தகத்தைத் தொடவில்லை. எவ்வூரிலும் காணக்கூடிய காட்சி இது. தகப்பனார் ‘சோம்பேறி’ என்கிறார். உபாத்தியாயர் ‘மந்தபுத்தி’ என்கிறார். இரண்டும் பிழையென்பது நமது அபிப்பிராயம்.

பையன் அஞ்சுகிறான். படித்தும் தவறினால் ‘மூளையில்லாதவன்’ என்ற தீர்ப்பு வந்துவிடும். படியாமல் தவறினாலோ, ‘படித்திருந்தால் தேறியிருப்பான்’ என்ற கௌரவமாவது மிஞ்சும். ஆதலின் தோல்விக்கு முன்பே சாக்கைத் தேடிக்கொள்கிறான்.

அமெரிக்க மனோதத்துவ அறிஞர்களான பெர்க்ளாஸ், ஜோன்ஸ் இருவரும் 1978-ம் வருஷத்தில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். விடையே இல்லாத வினாக்களுக்கு ஊகமாய் விடையளித்த மாணாக்கரை அவர்கள் புகழ்ந்தனர். பிறகு, திறமையைக் கூட்டும் மருந்தென்றும் குறைக்கும் மருந்தென்றும் இரண்டைக் காட்டி, மறு சோதனைக்கு முன் ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அவ்விதம் புகழப்பெற்ற ஆண் மாணாக்கரிற் பெரும்பாலோர் குறைப்பதையே கேட்டனர்! வசை மட்டுமன்று, தகுதியில்லாத புகழும் பிள்ளையைக் கெடுக்கும்.

களியக்காவிளையைச் சேர்ந்த கன்னியாகுமரி ஜில்லாவில், 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 91.75 பேர், தமிழ்நாட்டில் அதுவே அன்று முதலிடம். இப்பெருமையே பிள்ளைகளின் தலையில் பாரமாகிவிடலாகாது. வீட்டில் அடுத்தகத்துப் பையனோடு ஒப்பிடுகிறோம். வகுப்பில் மார்க்கை உரக்க வாசித்து நகைக்கிறோம். எல்லையூரில் தமிழும் மலையாளமும் கலந்து ஐயம் கேட்கும் சிறுவனை ஒருமுறை நகைத்தால், மறுமுறை அவன் வாய் திறப்பானா?

2010-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-வது பிரிவு, உடல் தண்டனையையும் மனத்தை வதைப்பதையும் பள்ளியில் விலக்குகிறது. ஆனால் அச்சட்டம் 14 வயது வரையில்தான். அதற்கு மேலும், நமது வீட்டுக்குள்ளும், நியாயம் வழங்கவேண்டியவர் நாமே. ‘எத்தனை மார்க்கு?’ என்பதை விட்டு, ‘எது விளங்கவில்லை?’ என்று கேட்போம். விடைத்தாளைத் தனியே கொடுத்துப் பிழையை மட்டும் காட்டுவோம். உழைப்பைக் கண்ட இடத்தில் அதைப் பெயர் சொல்லிப் பாராட்டுவோம்.

1954-ம் வருஷம் ஆகஸ்டு 11-ந் தேதி, தாய்த் தமிழகத்தோடு இணையக் கோரி, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டுகளுக்கு மக்கள் உயிரீந்த மண் இது. 1956 நவம்பர் 1-ல் அக்கோரிக்கை நிறைவேறிற்று. அன்னார் பேரர்கள் ஒரு காகிதத்து எண்ணைக் கண்டு நடுங்குவது நமக்கு அழகாமோ? அச்சத்தை ஊட்டியவர்கள் நாம். அதை அகற்றவேண்டியவர்களும் நாமே.