ஜெபம் மறைவிடமாகும்போது

ஆயர் பணியில் ஈடுபட்டிருப்போர் நன்கு அறிந்த காட்சிகள் சில உண்டு. கணவனும் மனைவியும் வீட்டில் பேசிக்கொள்வதில்லை. ஆயினும் உபவாசக் கூட்டத்திற்கு இருவரும் தவறுவதில்லை. மகனை இழந்த தாய் கண்ணீரை அடக்கிக்கொண்டு, எல்லாம் தேவசித்தம் என்று புன்னகைக்கின்றார். இவற்றை விசுவாசத்தின் அடையாளங்கள் என நாம் பாராட்டிவிடுகின்றோம். இவை எப்பொழுதும் அவ்வாறுதானா?

அமெரிக்க உளவியல் அறிஞர் ஜான் வெல்வுட் 1984இல் எழுதிய கட்டுரையில் இந்நிலைக்குப் பெயரிட்டார். ஆன்மிகப் புறவழி என அதனைத் தமிழில் கூறலாம். ஊருக்குள் நுழையாமல் புறவழிச்சாலையில் செல்வதுபோல, ஆறாத மனக்காயங்களையும் உறவுச் சிக்கல்களையும் தொடாமல், ஆன்மிகப் பயிற்சிகளின் வழியே சுற்றிச் சென்றுவிடும் போக்கை அது குறிக்கும். பௌத்த தியான நெறியைப் பின்பற்றிய அவர், தம்மைச் சார்ந்தோரிடத்திலேயே இதனைக் கண்டார். எனவே இது ஒரு சமயத்துக்கு மட்டும் உரிய குறையன்று.

பெயர் புதிது, பொருள் பழையது. கொர்பான் என்னும் காணிக்கையின் பெயரால் பெற்றோரைத் தாங்கும் கடமையிலிருந்து விலகியோரை இயேசு கடிந்துகொண்டார் (மாற்கு 7:9-13). மலைப் பிரசங்கத்தில், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகும்படி கட்டளையிட்டார் (மத்தேயு 5:23,24). வழிபாட்டின் நடுவிலேயே வழிபடுவோனை அவர் வெளியே அனுப்புகின்றார் என்பது கவனிக்கத்தக்கது. சாக விரும்பிய எலியாவுக்கு முதலில் கிடைத்ததும் உபதேசமன்று. உறக்கமும் அடையும் தண்ணீருமே (1 இராஜாக்கள் 19:4-8).

பிறரைப் பற்றி மட்டும் எழுதுவது நேர்மையாகாது. சொத்துப் பிரிவினையில் எழுந்த மனத்தாங்கலால் நான் என் தமையனாரோடு பல ஆண்டுகள் பேசவில்லை. ஆயினும் நாள்தோறும் அவருக்காக ஜெபித்தேன், மன்னித்துவிட்டதாகவும் எண்ணினேன். உண்மையில் அந்த ஜெபம், அவர் வீட்டுக்குப் போகாமலிருக்க எனக்குக் கிடைத்த கண்ணியமான சாக்கு. அவர் நோயுற்றபோது சென்றேன். ஒரு மணி நேரம் பேசினோம். அதில் பாதி வாக்குவாதம். அன்றிரவுதான் அவர் பெயரை ஆண்டவர் முன் கூச்சமின்றிச் சொல்ல முடிந்தது.

ஆகவே ஜெபத்தைக் குறைக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. ஜெபித்து எழுபவர் உண்மையை நோக்கி நடக்கின்றாரா, அதைவிட்டு விலகுகின்றாரா என்பதே உரைகல். அடிபடும் மனைவியிடம் பொறுமையை மட்டும் உபதேசிக்கும் ஆயரும், மனச்சோர்வுற்றவரை மருத்துவரிடம் அனுப்பாமல் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிடும் ஆயரும், அவர்களுடைய துயரத்தைக் காணத் தாமே அஞ்சுகின்றனர். நம்மிடம் வருவோர் சொல்லவந்ததைச் சொல்லி முடிக்கட்டும், அதன்பின் ஜெபிப்போம். பேச்சை முடித்துவைக்கும் வழியாக ஜெபத்தை ஆக்காதிருப்போமாக. சங்கீதக்காரன் தன் புலம்பலை மறைக்காமலே ஆண்டவரிடம் வந்தான். நம் மக்களும் அவ்வாறு வரலாம் என்பதை நம்மிடமிருந்தே கற்கவேண்டும்.