கண்டியில் ஒரு கைதி குறித்துவைத்த புத்தாண்டு

சித்திரைப் புத்தாண்டு நெருங்கினால் கண்டியில் எனக்கும் அந்த வட்ஸ்அப் செய்தி வந்துவிடும்: "சூரியன் பூமத்திய ரேகையைக் கடக்கும் நாளே நம் புத்தாண்டு." அது சரியல்ல. பகலும் இரவும் சமமாகும் அந்த நாள் மார்ச் 20 அல்லது 21. நம் புத்தாண்டோ ஏப்ரல் 13 அல்லது 14. இடையில் ஏன் மூன்று வாரத்துக்கும் மேல்?

விடைக்கான சான்று ஒன்று கண்டி இராச்சியத்திலேயே கிடைக்கிறது. 1660இல் சிறைப்பட்ட ஆங்கிலேயர் ரொபேர்ட் நொக்ஸ், இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்சியில் இங்கே பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். தப்பிச் சென்று 1681இல் வெளியிட்ட நூலில், இங்குள்ளோரின் ஆண்டு மார்ச் 28ஐ ஒட்டிப் பிறப்பதாக எழுதினார். அன்றைய ஆங்கிலேய நாட்காட்டி இன்றையதைவிடப் பத்து நாள் பின்தங்கியது. ஆக, இன்றைய கணக்கில் ஏப்ரல் 7. சுமார் 350 ஆண்டுகளில் புத்தாண்டு ஆறு நாள் வரை தள்ளிப்போயிருக்கிறது!

காரணம் இதுதான். நம் நாட்காட்டி பருவங்களைப் பின்பற்றுகிறது. பஞ்சாங்கமோ, சூரியன் அதே நட்சத்திரப் பின்னணிக்குத் திரும்புவதை ஓராண்டு என்கிறது. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலைசுற்றுவதால் இரண்டும் ஒன்றல்ல. சூரிய சித்தாந்தத்தின் ஆண்டு நம் நாட்காட்டி ஆண்டைவிடச் சுமார் 23 நிமிடம் நீளம். ஏறத்தாழ அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் நகரும். நொக்ஸின் திகதியோடு கணக்குப் பொருந்துகிறது.

இந்த நகர்வைக் கிரேக்கத்தின் ஹிப்பார்க்கஸ் கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே கண்டார். பூமியை மையத்தில் வைத்த தொலமி, நட்சத்திரக் கோளமே நகர்வதாகக் கருதினார். சூரிய சித்தாந்தத்திலும் மையம் பூமிதான். 1543இல் கொப்பர்னிக்கஸ் சூரியனை நடுவில் வைத்து, நகர்வது பூமியின் அச்சே என்றார். நொக்ஸின் நூல் வந்து ஆறாண்டில், 1687இல், நியூட்டன் காரணம் சொன்னார்: பூமியின் புடைத்த இடுப்பைச் சூரியனும் சந்திரனும் இழுக்கின்றன.

மையம் மாறியும் பஞ்சாங்கம் பொய்க்கவில்லை. எது எதைச் சுற்றினாலும், இங்கிருந்து பார்க்கும்போது சூரியன் செல்லும் பாதை ஒன்றே. அதனால் பஞ்சாங்கத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கவும் மாட்டேன். நவீன அறிவியலை முன்பே சொன்னது என்று பெருமை பேசவும் மாட்டேன். அது பழைய மாதிரியில் அமைந்த நுட்பமான கணக்கு.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் புத்தாண்டும் சமநாளும் ஒன்றாக இருந்தன. இப்படியே விட்டால், ஆயிரம் ஆண்டில் புத்தாண்டு ஏப்ரல் இறுதிக்குப் போய்விடும். இந்தியா 1957இல் தன் தேசிய நாட்காட்டியைச் சமநாளோடு பொருத்தியது. திருவிழாக்கள் அதன்வழி செல்லவில்லை. நாம் கொண்டாடுவது நட்சத்திரத்தையா, பருவத்தையா? அதை வானம் தீர்மானிக்காது. நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.