கோப்பை மூடினாலும் கேள்வி மூடவில்லை

வீட்டில் ஒரு பிள்ளை இறந்துவிட்டது. கொலையா, விபத்தா என்று தெரியவில்லை. போலீஸ் மேல்நடவடிக்கை இல்லை என்கிறது. அந்தக் குடும்பம் இனி எங்கே போய்க் கேட்பது? இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மம்பாவ் இருக்கும் அதே சிரம்பான் மாவட்டத்தில், பந்தாய் மலையடிவாரத்தில் நடந்த சம்பவமே போதும்.

2019 ஆகஸ்ட் 3-ஆம் தேதி லண்டனிலிருந்து ஒரு குடும்பம் விடுமுறைக்கு வந்து, பந்தாயில் ஓர் உல்லாச விடுதியில் தங்கியது. மறுநாள் காலை 15 வயது மகள் நோரா குவாய்ரினைக் காணவில்லை. கீழ்த்தளத்து ஜன்னல் திறந்து கிடந்தது. நோரா பிறவியிலேயே மூளை வளர்ச்சிக் குறைபாடு உள்ளவள். தனியாக எங்கும் போய்ப் பழகாத பிள்ளை. போலீசாரும் மீட்புப் படையினரும் ஓராங் அஸ்லி மக்களும் பத்து நாள் காட்டைச் சலித்தார்கள். ஆகஸ்ட் 13-ல், சுமார் இரண்டரை கிலோமீட்டர் தள்ளி, ஓடையோரம் உடல் கிடைத்தது. உடலில் துணி இல்லை.

பட்டினியாலும் மன உளைச்சலாலும் குடலில் ஏற்பட்ட இரத்தக்கசிவே காரணம் என்றது சவப்பரிசோதனை. குற்றச்செயலுக்கு அடையாளமில்லை என்றது போலீஸ். மரண விசாரணையே தேவையில்லை என்றுதான் முதலில் முடிவானது. பெற்றோர் விடவில்லை. எங்கள் மகள் ஜன்னல் ஏறிக் குதித்து, வெறுங்காலோடு இருட்டில் மலையேறியிருக்க முடியாது, யாரோ கொண்டுபோயிருக்க வேண்டும் என்றார்கள். பெற்ற தாய்க்குத் தெரியாதா தன் பிள்ளை எத்தனை தூரம் நடப்பாள் என்று?

2020 ஆகஸ்டில் சிரம்பானில் மரண விசாரணை தொடங்கியது. இது குற்றவாளியைத் தண்டிக்கும் வழக்கு அல்ல. இறந்தது யார், எங்கே, எப்போது, எப்படி என்று கண்டறியும் விசாரணை. குடும்பத்தின் வழக்கறிஞர் அதில் சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம். இதை நம்மவர்கள் பலர் அறிவதில்லை. கொரோனா காலமென்பதால் பெற்றோர் காணொளி வழியாகவே சாட்சி சொன்னார்கள். 48 பேர் சாட்சியமளித்தனர். 2021 ஜனவரி 4-ல் வந்த தீர்ப்பு: அசம்பாவிதத்தால் நேர்ந்த மரணம், வேறு யாருக்கும் தொடர்பில்லை.

குடும்பம் சிரம்பான் உயர் நீதிமன்றத்தில் மறு ஆய்வு கேட்டது. இங்கே மேல்முறையீடு என்ற சொல்லைவிட மறு ஆய்வு என்பதே சரி. கீழ் நீதிமன்றத்தின் முடிவு சட்டப்படி நிற்குமா என்று உயர் நீதிமன்றம் பார்க்கும். 2021 ஜூன் 16-ல் நீதிபதி அசிசுல் அஸ்மி அட்னான் பழைய தீர்ப்பை நீக்கினார். செங்குத்தான காட்டில் தன்னந்தனியாக, தேடுவோர் கண்ணில் படாமல் அத்தனை நாள் அலைவது அந்தப் பிள்ளையின் இயல்புக்கு மீறியது என்பது அவர் சொன்ன காரணம். அதற்குப் பதிலாக அவர் அளித்தது 'திறந்த தீர்ப்பு'.

அப்படியென்றால் கொலை என்று அர்த்தமா? இல்லை. கடத்தல் என்று அர்த்தமா? அதுவும் இல்லை. கையிலுள்ள சாட்சியத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதுதான் பொருள். குடும்பம் கேட்டதும் அதையே. விபத்து என்று எழுதிவிட்டால் தேடுவதற்கு எதுவும் மிச்சமில்லை. திறந்த தீர்ப்பில் இடம் இருக்கிறது.

கொலைதான் என்று தெரிந்தும் விடை வராத குடும்பமும் உண்டு. 2007-ல் வங்சா மாஜுவில் காணாமற்போய், பெட்டாலிங் ஜெயாவில் ஒரு விளையாட்டுப் பையில் சடலமாகக் கிடைத்த எட்டு வயது நூரின் ஜஸ்லினை யாரும் மறந்திருக்க முடியாது. கொன்றவன் யார் என்பது இன்னும் தெரியவில்லை. கொலைக் குற்றத்துக்கு மலேசியச் சட்டத்தில் காலக்கெடு கிடையாது. புதிய தடயமோ சாட்சியோ வந்தால், எத்தனை ஆண்டு கழிந்திருந்தாலும் அந்தக் கோப்பைத் திறக்கலாம்.