புகை விட்டால் எஞ்சினை இறக்க வேண்டுமா?

பெரும்போகம் நெருங்கினால் கல்முனைக்குடியில் ட்ரக்டர் வைத்திருப்போரிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "நம்மட மெசின் நீலப் புகை விடுது, எஞ்சின் முழுக்கச் செய்யணுமாம்." உழவுக் கூலியை நம்பியிருப்பவருக்கு இது சிறிய விடயமல்ல. வட்டையில் உழவு தொடங்கும் நாட்களில் மெசின் கராஜில் கிடந்தால் திருத்தச் செலவோடு அந்தப் போகத்து வருமானமும் போய்விடும்.

புகையைக் கண்டவுடன் முழு எஞ்சினுக்கும் விலை பேசுவதை நான் ஏற்பதில்லை. எப்போது புகைக்கிறது என்று முதலில் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது நீலமாக வந்து, சில நிமிடங்களில் நின்றுவிட்டால் வால்வு சீலைச் சந்தேகிக்கலாம். இறப்பர் சீல் சூட்டில் இறுகிப்போனால், இரவில் மேலேயுள்ள எண்ணெய் வால்வுத் தண்டு வழியாக இறங்கி நிற்கும். காலையில் எரிவது அதுதான். கலப்பை இறக்கி உழும்போதும் புகை விடாமல் வந்து, பிரீதர் குழாயாலும் ஊதினால் ரிங், லைனர் தேய்ந்திருக்கக்கூடும். கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை என்றால் அது எரியாத டீசல்; இன்ஜெக்டரைப் பார்க்க வேண்டும்.

மெஸி பேர்குசன் 135இல் வரும் பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினில், ஹெட் கழற்றாமலே சீல் மாற்றலாம். வேலை செய்யும் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றினாலும் வால்வு பிஸ்டன் மேல் தங்கி நிற்கும். அந்த நேரத்தில் யாரும் எஞ்சினைச் சுற்றிவிடக் கூடாது. தள்ளுதண்டுத் துளைகளைத் துணியால் அடைத்துவிடுங்கள். சின்னக் கொலெட் ஒன்று உள்ளே விழுந்தால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

சீல் போடுமுன் வால்வுத் தண்டை ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் கைட் தேய்ந்திருக்கிறது. அதற்குமேல் புதிய சீல் போடுவது வீண் செலவு. அப்போது ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். ஆட்டமில்லை என்றால் தண்டுக்கு எண்ணெய் தடவி, வெட்டு விளிம்பில் கிழியாதபடி சீலை நேராக இறக்குங்கள். கடைசியில் டெப்பட் வைக்கும்போது எஞ்சின் குளிர்ந்திருந்தால் இடைவெளி 12 தௌ, சூடாயிருந்தால் 10.

பழைய ட்ரக்டர் வாங்கி விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புகையை மறைக்கத் தடித்த எண்ணெய் ஊற்றி விற்போர் இருக்கிறார்கள். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, ஈரத்தை மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நமக்குத் தெரியாததல்ல. வாங்கப் போகிறவர் ஸுபஹுக்குப் பின் நேரத்தோடு போய், எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லட்டும். சூடாக்கி வைத்திருந்தால் விலை பேசாமல் மறுநாள் வரலாம்.